அமீபாவுக்குள் ஒரு ராட்சதன்: சனிக்கிழமை மேசையில் விழுந்த கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மேசை போடுவேன். மேசைமேல் ஒரு பழைய நுண்ணோக்கி இருக்கும். இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, கழித்துப் போட்ட சாமான்களோடு சாமானாக இதை 80 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். பக்கத்துப் பிள்ளைகள் பாசித் தண்ணீர் கொண்டு வருவார்கள், பார்ப்போம். அவ்வளவுதான் வகுப்பு.

போன மாதம் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் "ஜாம்பி வைரஸ்" என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. அதிலிருந்து பிள்ளைகளோடு பெரியவர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒரே கேள்விக்கு ஏழு தடவை பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அமீபாவுக்குள் பெருகும் ராட்சத வைரஸ்களைப் பற்றி வந்த கேள்விகளையும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

சைபீரியாவில் 48,500 வருஷத்து வைரஸ் எழுந்துவிட்டதாம், குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று வந்ததே, உண்மையா?

முதல் பாதி உண்மை. யாகுட்டியாவில் ஓர் ஏரியின் அடியில், உறைந்த மண்ணுக்குள் கிடந்த ஒரு வைரஸை பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் மறுபடி செயல்பட வைத்தார்கள். ழான் மிஷேல் க்ளாவெரியின் குழு அது. 2023-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மண்ணின் வயது 48,500 வருஷத்துக்கும் மேல்.

குரல் பதிவில் விட்டுப்போனது தூண்டில் விவகாரம். எந்த இரையைக் கோர்க்கிறோமோ அதற்கு வாய் வைக்கிற மீன்தானே மாட்டும்? இவர்கள் கோர்த்த இரை அமீபா. உறைந்த மண்ணைக் கரைத்து அமீபா வளரும் தட்டில் ஊற்றினார்கள். அமீபாக்கள் செத்தால், அவற்றைக் கொல்லும் வைரஸ் ஒன்று அந்த மண்ணில் இருக்கிறது என்று அர்த்தம். மனிதனையோ மாட்டையோ தாக்குகிற எதுவும் தவறிக்கூட வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அமீபாவைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுந்து வந்தது அமீபாவின் எமன். நமக்கும் அதற்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு எதுவும் கிடையாது.

குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், நல்லதுதான். அதற்குச் சைபீரியாவைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

அமீபா என்றால் வயிற்றுப்போக்கு வருமே, அதுவா?

அது வேறு. சீதபேதி கொடுப்பது எண்டமீபா, குடலில் வாழ்வது. இந்தப் பக்கம் முழுக்க வரப்போகிறது அகாந்தமீபா என்ற ஒன்று. மண்ணிலும் தண்ணீரிலும் சுதந்திரமாகத் திரிகிற ஒற்றைச் செல் உயிர். உடம்பெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொள்ளும், அந்த முள்தான் பெயரிலும் இருக்கிறது. சாப்பாடு பாக்டீரியா. பக்கத்தில் எது உரசினாலும் உடம்பை வளைத்து அதைச் சுற்றி மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எங்கே இருக்கும் என்று கேட்டால், எங்கே இல்லை என்று கேட்பது சுலபம். லோங்கான் (சாக்கடை) ஓரப் பாசி, தண்ணீர்த் தொட்டியின் அடிச்சேறு, பூச்சட்டித் தட்டு, பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் நிற்கும் ஏர்கான் குளிரூட்டும் கோபுரம் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் அதன் வீடு. ஈரம் காய்ந்தால் தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர்க் கூடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். குளோரினுக்கு அந்தக் கூடு லேசில் மசியாது.

"கண்ணுக்கே தெரியாததுல பெருசு என்னப்பா, சிறுசு என்னப்பா?"

எதிர்வீட்டுப் பாட்டி கேட்டது. வந்த கேள்விகளில் இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

பாட்டிக்குச் செம்பனையை வைத்துச் சொன்னேன். கோவிட் வைரஸ் ஒன்று ஏறக்குறைய 100 நானோமீட்டர். அதை ஊதி ஊதி ஒரு செம்பனைப் பழம் அளவுக்கு, அதாவது உதிர்ந்து கிடக்கும் ஒற்றைப் பழம், நாலு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் ஊதினால் மிமிவைரஸ் என்ற முதல் ராட்சதன், மேலே இருக்கும் மயிரையும் சேர்த்து, 30 சென்டிமீட்டர் வருவான். ஒரு முழுக் குலை. பித்தோவைரஸ் என்ற இன்னொரு ராட்சதன் அறுபது சென்டிமீட்டருக்கு நீண்டு கிடப்பான். சரி, இவர்கள் நுழைகிற அமீபா எவ்வளவு? பன்னிரண்டு மீட்டர், வெட்டுக்கு எட்டாமல் போன கிழட்டுச் செம்பனை மரத்தின் உயரம். பாட்டி ஒரு காலத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். "அப்ப மரத்துக்குள்ளே குலை போற மாதிரியா?" என்றார். அதேதான்.

உடம்பைவிட உள்ளே இருக்கும் சரக்கில்தான் வித்தியாசம் அதிகம். மரபுச் செய்தியை எழுத்துகளாக எண்ணினால் நம் நாட்டு ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய நிப்பா வைரஸில் 18,000 எழுத்து, ஆறு மரபணு. கோவிட் 30,000 எழுத்து. பெரியம்மை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, ஒரு காலத்தில் அதையே பெரிய உருப்படி என்று நினைத்தார்கள். மிமிவைரஸில் சுமார் 12 லட்சம். 2013-ல் சிலி நாட்டுக் கடற்கரைச் சேற்றில் கிடைத்த பண்டோராவைரஸில் ஏறத்தாழ 25 லட்சம். மைக்கோபிளாஸ்மா என்ற குட்டி பாக்டீரியா 5.8 லட்சம் எழுத்தை வைத்துக்கொண்டு தனிக்குடித்தனமே நடத்துகிறது. அதைவிட நாலு மடங்கு சொத்து வைத்திருக்கிற பண்டோரா, அடுத்தவன் வீட்டில்தான் குடியிருக்கிறது.

இவ்வளவு பெரியது ஏன் 2003 வரை யார் கண்ணிலும் படவில்லை?

பட்டது. பார்த்தவர்கள் அதை வைரஸ் என்று நினைக்கவில்லை.

1992-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் நிமோனியா பரவியது. கட்டடங்களின் குளிரூட்டும் கோபுரத் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று டிமோதி ரோபோத்தம் என்ற நுண்ணுயிரியலாளர் தேடினார். அந்த பாக்டீரியா அமீபாவுக்குள்தான் பெருகும், அதனால் அவர் அமீபாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அமீபாவுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது. கிராம் சாயம் போட்டார், சாயத்தைப் பிடித்துக்கொண்டது. (கிராம் என்பது டென்மார்க் மருத்துவர் ஒருவரின் பெயர். எடையும் இல்லை, கிராமமும் இல்லை. வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும்.) சாயம் பிடித்தால் பாக்டீரியா என்பது பாடம். ஆகவே அது பாக்டீரியா, பெயர் பிராட்ஃபோர்ட்காக்கஸ். குளிர்ப்பெட்டிக்குள் போய்விட்டது.

அப்புறம் அந்தச் சாம்பிள் மார்செய்க்குப் போனது. எந்த பாக்டீரியா என்று அடையாளம் காண, எல்லா பாக்டீரியாவிலும் கட்டாயம் இருக்கிற ஒரு மரபணுவைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. மறுபடி தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, பட்டை தீட்டின மாதிரி இருபது முகம் கொண்ட ஓடு தெரிந்தது. அப்படி ஓடு கட்டுகிற பாக்டீரியா உலகத்திலேயே கிடையாது, வைரஸ்தான் கட்டும். 2003-ல் பெர்னார் லா ஸ்கோலா, திதியே ரவூல், க்ளாவெரி முதலானோர் அறிவித்தார்கள். நுண்ணுயிர்போல 'மிமிக்' செய்து ஏமாற்றியதால் மிமிவைரஸ்.

ஆனால் உண்மையான காரணம் இன்னும் பின்னால், 1880-களில் இருக்கிறது. பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சார்ல்ஸ் சாம்பர்லான் பீங்கானில் ஒரு வடிகட்டி செய்தார். பாக்டீரியா அதில் தங்கிவிடும். 1892-ல் ருஷ்யாவில் இவானோவ்ஸ்கி நோய் பிடித்த புகையிலைச் சாற்றை அதில் வடிகட்டினார். வடிந்து வந்த தெளிந்த சாறும் நோயைக் கொடுத்தது. வைரஸ் என்ற எண்ணமே அங்கேதான் பிறந்தது. பிறந்த இடத்து மச்சம் மாதிரி ஒரு விதியும் ஒட்டிக்கொண்டது: வடிகட்டியைத் தாண்டி வருவது வைரஸ், மேலே தங்குவது பாக்டீரியா. நூறு வருஷமாக வைரஸ் தேடினவர்கள் எல்லாரும் முதல் வேலையாகத் தண்ணீரை வடிகட்டி, மேலே தங்கியதைக் கொட்டிவிட்டு, கீழே வடிந்ததில் தேடினார்கள். ராட்சதர்கள் எல்லாம் கொட்டினதோடு போனார்கள்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் பள்ளி விடுமுறையில் நானும் வாளி தூக்கிப் போவேன். மங்கில், அதாவது மரத்தில் கட்டின கோப்பையில், இறங்கின பாலை வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டு போனால், முதலில் சல்லடையில் ஊற்றுவார்கள். வெள்ளையாக இறங்குகிற பாலைத்தான் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) நிறுத்து எழுதுவார். சல்லடையில் தங்கும் கட்டிப்பாலும் இலையும் ஓரமாகப் போகும். புத்தகத்தில் மட்டும் கணக்குப் பார்க்கிறவர், ரப்பர் மரம் கட்டியே இல்லாத திரவத்தைத்தான் தருகிறது என்று நினைத்துக்கொள்வார். வைரஸ் விஷயத்தில் உலகமே நூறு வருஷம் அந்தப் புத்தகத்தைத்தான் படித்தது.

நிபுணர்களே இப்படி ஏமாறுவார்களா?

நம் ஊர்ப் பக்கத்துக் கதையே இருக்கிறது. 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் மூளைக் காய்ச்சலில் விழுந்தார்கள். இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட வராது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டி, புகை அடித்து, தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கு இறங்கியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர், நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. பன்றிகளுக்கு அது வௌவாலிடமிருந்து வந்தது என்று அப்புறம் தெரிந்தது. 265 பேர் பாதிக்கப்பட்டார்கள், 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

நிப்பா ராட்சத வைரஸ் இல்லை, சொந்தக்காரனும் இல்லை. ஏன் சொல்கிறேன் என்றால், அங்கேயும் தெரிந்த பெயர் ஒன்று கையில் தயாராக இருந்தது. பிராட்ஃபோர்டில் தப்பான பெயரால் ஒரு குளிர்ப்பெட்டிக்குத்தான் இடைஞ்சல். இங்கே உயிர்கள் போயின.

அமீபாவுக்குள் அது எப்படிப் போகிறது? கடித்துக்கொண்டா?

கடிக்கவே வேண்டாம். அமீபா தானே விழுங்குகிறது.

கோவிட் மாதிரிப் பொடி வைரஸ்கள் செல்லின் கதவுக்குப் பொருந்தும் சாவியோடு வந்து ஒட்டிக்கொள்ளும். மிமிவைரஸுக்கு அந்தச் சிரமம் இல்லை. அரை மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட எது உரசினாலும் அமீபாவுக்கு அது சாப்பாடு. மிமிவைரஸ், மயிரோடு சேர்த்து, முக்கால் மைக்ரோமீட்டர். அந்த மயிரின் மேல் சர்க்கரைப் பூச்சு வேறு, பாக்டீரியாவின் தோல் மாதிரி. கிராம் சாயத்தை ஏமாற்றியதும் இதே பூச்சுதான். பலகாரம் என்று நினைத்து அமீபா வாயில் போட்டுக்கொள்கிறது.

உள்ளே போனதும் ஒரு வயிற்றுப் பைக்குள் கிடக்கும். சாதாரணமாக அங்கே செரிமானச் சாறு ஊறி, விழுங்கினது கரைந்துவிடும். அதற்கு முன்னே, வைரஸ் ஓட்டின் ஒரு முனையில் நட்சத்திர மீன் மாதிரி ஐந்து கை கொண்ட ஒரு கதவு திறக்கிறது. 'நட்சத்திர வாசல்' என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டுக்குள் இருக்கும் ஜவ்வு வயிற்றுப் பையின் ஜவ்வோடு ஒட்டி வழி விடுகிறது. டிஎன்ஏ மூட்டை அமீபாவின் உடலுக்குள் நழுவுகிறது. காலி ஓடு பையிலேயே கிடக்கும்.

இனி நடப்பதுதான் அநியாயம். டிஎன்ஏ வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, அங்கே இருக்கும் கருவிகளை இரவல் வாங்கும். மிமிவைரஸ் தன் மரபணுக்களைப் படிக்க வேண்டிய கருவியைக் கையோடு கட்டிக்கொண்டு வருகிறது. உட்கருவை எட்டிக்கூடப் பார்க்காமல் செல்லின் நடுக்கூடத்தில் ஆலை போடுகிறது. 'வைரஸ் ஆலை' என்பதுதான் அதற்குப் பெயர், நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நேரம் ஆக ஆக அந்த ஆலை உட்கரு அளவுக்கு வளர்ந்துவிடும். ஆலையின் விளிம்பில் முதலில் காலி ஓடுகள் முளைக்கும், ஓட்டுக்குள் டிஎன்ஏ ஏறும், கடைசியாக மயிர் முளைக்கும். ஒரு நாளுக்குள் அமீபா கிழிந்து நூற்றுக்கணக்கில் வெளியே கொட்டும்.

எல்லா ராட்சதர்களும் ஒரே மாதிரி இல்லை. பண்டோரா உட்கருவின் உதவியை நாடுகிறது, ஓட்டுக்கு இருபது முகமும் கிடையாது, வாய் வைத்த குடுவை மாதிரி இருக்கும்.

வைரஸுக்கே காய்ச்சல் வரும் என்று மகன் சொல்கிறான். கிண்டலா?

கிண்டல் இல்லை. 2008-ல் பாரிஸ் நகரத்துக் குளிரூட்டும் கோபுரம் ஒன்றிலிருந்து மிமியின் உறவுக்காரன் ஒருவனைப் பிடித்தார்கள், கொஞ்சம் பெரியவன் என்பதால் மாமாவைரஸ் என்று பெயர். (பிரெஞ்சுக்காரர்கள் நினைத்தது அம்மாவை. நம் காதில் மாமன் ஆகிவிட்டான்.) அவனோடு 50 நானோமீட்டரில் ஒரு பொடியன் ஒட்டிக்கொண்டிருந்தான். பெயர் ஸ்புட்னிக், ருஷ்ய மொழியில் வழித்துணை. தனியாக அமீபாவுக்குள் போனால் இந்தப் பொடியனால் ஒன்றும் ஆகாது. ராட்சதன் ஆலை போட்ட பிறகு அந்த ஆலையில் புகுந்து தன்னைப் பிரதி எடுத்துக்கொள்கிறான். ஆலை குழம்பிப் போகிறது. ராட்சதனின் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைந்து, கோணல் மாணலாகப் பிறக்கின்றன. அமீபாவுக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது. எத்தனுக்கு எத்தன் என்பது இதுதான்.

கடலில் வாழும் இன்னொரு ஒற்றைச் செல் உயிரில் மாவைரஸ் என்ற பொடியன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். அந்த உயிரின் டிஎன்ஏவிலேயே தன்னை எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறான். ராட்சதன் உள்ளே வந்ததும் விழித்துப் பெருகுகிறான். வீட்டுக்காரன் தப்பிப்பதில்லை, செத்துவிடுகிறான். ஆனால் கிழிந்த செல்லிலிருந்து கொட்டுகிற பொடியன்கள் அக்கம்பக்கத்துச் செல்களைக் காப்பாற்றுகின்றன. 2016-ல் இதை ஆய்வில் காட்டினார்கள்.

அப்படியானால் வைரஸுக்கு உயிர் உண்டா இல்லையா? எஸ்.பி.எம்மில் என்ன எழுதுவது?

தேர்வில் பாடப்புத்தகம் சொல்வதை எழுதுங்கள். என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

தேர்வுக்கு வெளியே என்றால், 2018-ல் பிரேசிலில் கிடைத்த துப்பான்வைரஸைப் பாருங்கள். சோடா ஏரி ஒன்றிலும், கடலுக்கு அடியில் 3,000 மீட்டர் ஆழத்துச் சேற்றிலும் கிடைத்தது. நீண்ட வால் உண்டு, சில உருப்படிகள் 2.3 மைக்ரோமீட்டர் வரை நீளும். புரதம் சமைக்க 20 வகை அமினோ அமிலங்களை வரிசையாக எடுத்துக்கொடுக்கும் கருவிகள் வேண்டும். இருபதுக்குமான கருவி இதனிடம் இருக்கிறது. உரல், உலக்கை, அம்மி, அரிவாள்மணை எல்லாம் சீர்வரிசையாக வந்து இறங்கியாயிற்று, அடுப்பு மட்டும் இல்லை. ரைபோசோம் என்ற அந்த அடுப்பு இதுவரை எந்த வைரஸிடமும் கிடைக்கவில்லை, அமீபாவின் அடுப்பில்தான் உலை வைக்க வேண்டும். இதற்கு உயிர் இருக்கிறதா என்பதைவிட, இவ்வளவு பாத்திரத்தையும் ஏன் சுமந்து திரிகிறது என்பதுதான் எனக்கு ருசியான கேள்வி.

பாத்திரம் எல்லாம் எங்கிருந்து வந்தது?

இதில் இரண்டு கட்சி. ராட்சத வைரஸ்கள் ஒரு காலத்தில் தனிக்குடித்தனம் நடத்திய உயிர்கள், சொத்து கரைந்து ஒட்டுண்ணி ஆனவை, இவற்றை உயிர் மரத்தின் நாலாவது பெருங்கிளையாகவே வைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ரவூலும் க்ளாவெரியும் தொடக்கத்தில் இந்தப் பக்கம் பேசினார்கள். இன்னொரு கட்சி, ஆரம்பத்தில் சின்ன வைரஸாக இருந்து, குடியிருந்த வீடுகளிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிச் சேர்த்தது என்கிறது. 2017-ல் ஆஸ்திரியாவின் கழிவுநீரில் மரபணுக்களாக அடையாளம் காணப்பட்ட க்ளோஸ்நியூவைரஸ் இரண்டாவது கட்சிக்கு வலு சேர்த்தது. அதனிடம் இருந்த புரதச் சமையல் கருவிகள் வெவ்வேறு வீடுகளிலிருந்து வெவ்வேறு காலத்தில் வந்தவை என்று தெரிந்தது. நான் திருட்டுக் கட்சி.

ஆனால் பண்டோராவின் மரபணுக்களில் பெரும்பாலானவை வேறு எந்த உயிரிலும் காணப்படாதவை. முதலில் 2,500-க்கு மேல் என்று எண்ணினார்கள், 2018-ல் கறாராக எண்ணி 1,400 சொச்சம் என்று குறைத்தார்கள். குறைத்த பிறகும் ஊர் பேர் தெரியாதவைதான் அதிகம். திருட்டுச் சொத்தென்றால் பறிகொடுத்தவன் யார்? எங்கள் கட்சிக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

பித்தோ என்றால் என்ன?

கிரேக்க மொழியில் தாழி. தானியமும் எண்ணெயும் வைக்கிற பெரிய மண்ஜாடி. 30,000 வருஷம் உறைந்து கிடந்த சைபீரிய மண்ணிலிருந்து 2014-ல் வந்தது, ஒன்றரை மைக்ரோமீட்டர் நீளம், ஒரு நுனியில் தேன்கூடு வடிவில் அடைப்பு. இறந்தவரைத் தாழியில் வைத்து மூடிய மண்ணின் வாரிசுகள் நாம். 'தாழி வைரஸ்' என்றே தமிழில் சொல்லலாம், நமக்கு விளக்கமே தேவைப்படாது.

நம் ஊர்த் தண்ணீரில் இருக்குமா?

பாரிஸ் கோபுரத்தில் இருக்கிறது, மெல்பர்ன் குளத்தில் இருக்கிறது, மும்பையின் பவாய் ஏரியில் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பிடித்திருக்கிறார்கள், ஜப்பானில் வெந்நீர் ஊற்றுப் பக்கத்திலிருந்து 2019-ல் மெடூசாவைரஸ் வந்தது. மெடூசாவின் முகத்தைப் பார்த்தவர் கல்லாவார் என்பது கிரேக்கக் கதை. அந்த வைரஸ் தொட்ட அமீபாக்களில் சில கல் மாதிரிக் கூடு கட்டி உறைந்துவிடுவதால் அந்தப் பெயர். 2020-ல் உலகம் முழுவதிலுமிருந்து எடுத்த நீர், மண் மாதிரிகளின் டிஎன்ஏவைக் கணினியில் அலசி, 2,000-க்கும் மேற்பட்ட ராட்சத வைரஸ்களின் மரபுத் தொகுதிகளைச் சேர்த்துக் கோர்த்தார்கள். தம்புன் வெந்நீர் ஊற்றிலும் நம் செம்பனை ஆலைக் கழிவுக்குளத்திலும் தூண்டில் போட்டால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள் என்று ஒரு தே தாரிக் பந்தயம் கட்டுகிறேன்.

மனிதனுக்கு வருமா?

பிராட்ஃபோர்ட் நிமோனியாவுக்கு மிமிதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. நிமோனியா நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்புப் பொருள் தென்பட்டது. மார்செய் ஆய்வுக்கூடத்தில் இந்த வைரஸோடு வேலை பார்த்த ஒருவருக்கு நிமோனியா வந்து, எதிர்ப்புப் பொருளும் ஏறியதாக 2006-ல் எழுதினார்கள். ஆனாலும் வழக்கு இன்னும் நிரூபணம் ஆகவில்லை. தண்ணீரிலும் மண்ணிலும் இவ்வளவு இருக்கும்போது நம் உடம்பு அதைச் சந்தித்திருக்கும். சந்திப்பதும் நோய் வருவதும் ஒன்றாகாது.

பயப்பட வேண்டியது வீட்டுக்காரனிடம், அதாவது அமீபாவிடம். என் அக்கா மகள் கான்டாக்ட் லென்ஸ் போடுவாள். அவசரத்துக்குக் குழாயில் கழுவிப் போட்டுக்கொள்வது வழக்கம். ஒருநாள் கண் சிவந்து, வெளிச்சத்தையே பார்க்க முடியாமல், மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிந்தது. முதலில் போன கிளினிக்கில் சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் வீணானது. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் கருவிழியைச் சுரண்டிப் பார்த்து அகாந்தமீபா என்றார்கள். மணிக்கு ஒரு தடவை சொட்டு, ராத்திரியிலும். பல மாதம். பார்வை தப்பியது, லேசான தழும்பு இருக்கிறது. லென்ஸுக்குக் குழாய்த் தண்ணீர் படவே கூடாது, போட்டுக்கொண்டு குளிக்கவும் நீந்தவும் கூடாது.

மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியில் வருவது நெக்லேரியா ஃபவுலெரி. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. மிக அரிது, வந்தால் பிழைப்பதும் அரிது.

அமீபாவைக் கொல்லும் வைரஸை மருந்தாகக் கொடுக்கலாமே?

பதினோரு வயதுப் பையன் கேட்டது. 2024-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எடுத்த ராட்சத வைரஸ் ஒன்று நெக்லேரியா வகை அமீபாக்களைக் கொல்வதாகக் காட்டினார்கள். ஃபவுலெரியும் அந்தப் பட்டியலில் உண்டு. மூளைக்குள் அனுப்புகிற மருந்தாக அது வருவதற்கு நெடுந்தூரம் இருக்கிறது. நீச்சல் குளத் தண்ணீரைக் காக்கப் பயன்படலாம் என்ற யோசனை அதைவிட நடக்கக்கூடியதாக எனக்குப் படுகிறது.

உங்கள் நுண்ணோக்கியில் வைரஸ் தெரியுமா சார்?

அமீபா தெரியும். 400 மடங்கில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, பொறுமையாக இருக்க வேண்டும். முதலில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒன்றும் அசையாது. கண்ணை எடுக்காமல் ஒரு நிமிஷம் இருந்தால், ஓரம் மெதுவாகப் பிதுங்கும். உள்ளே துகள்கள் ஆற்று மணல் மாதிரி அந்தப் பிதுக்கத்துக்குள் ஓடும். நடுவில் ஒரு குமிழி வீங்கிக்கொண்டே வந்து சட்டென்று காணாமல் போகும், தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் யாரும் உடனே எழுந்ததில்லை.

மிமிவைரஸ் இருந்தால், 1,000 மடங்கு எண்ணெய் லென்ஸில் சாயம் போட்டுப் பார்க்கும்போது புள்ளியாகத் தெரியும், ரோபோத்தம் பார்த்தது அப்படித்தான். ஆனால் புள்ளியை வைத்து பாக்டீரியாவா வைரஸா என்று சொல்ல முடியாமல்தானே அவரே மாட்டிக்கொண்டார்? என் எண்ணெய் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது, அதனால் எனக்கு அந்தத் தர்மசங்கடம் இல்லை.

பாசி கொண்டு வருகிறவர்கள் லோங்கானில் கையை விட வேண்டாம், கரண்டியால் சுரண்டுங்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றாமல், பாசி இருந்த தண்ணீரையே சேர்த்து எடுங்கள். பாட்டிலை நன்றாகக் கழுவுங்கள். போன வாரம் வந்த ஒன்றில் மாங்காய் ஊறுகாய் எண்ணெய் மிதந்தது.